காற்றுப் பெட்டிக்குள் ஒரு மஞ்சள் முடிச்சு

வண்டி பேய் வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் இருந்த இடத்தைவிட்டு ஒரு விரற்கடைகூட நகரவில்லை. சாந்தாமணிக்கு அதுதான் மனசில் உட்காரவில்லை. ஓடினால் ஓடிப்போக வேண்டும், நின்றால் சும்மா நிற்க வேண்டும், இது என்ன கூத்து. முன்சக்கரம் இரண்டும் தரையில் பதித்த இரும்பு உருளைகள்மேல் ஏறிச் சுழல்கின்றன, பின்னால் தடித்தடியாகப் பட்டைகள் வண்டியைக் கொக்கி போட்டு இழுத்துப் பிடித்திருக்கின்றன, எதிரே ஆள் உயர மின்விசிறி ஒன்று ரோட்டுக் காற்றைப் போலவே வீசுகிறது, உள்ளே மகன் கிருபாகரன் ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டு மிதி மிதியென்று மிதிக்கிறான். சுவர் மட்டும் அவன் முகத்துக்கு நேராக அப்படியே நிற்கிறது. பட்டை அறுந்தால்? அறுந்துபோகாது, பட்டறைக்காரர் ஜோயல் வரும்போதே சொல்லிவிட்டார், லாரியையே கட்டித் தூக்கலாமுங்கம்மா இந்தப் பட்டையில, என்று. சொன்னால் ஆயிற்றா, அறுந்துபோகிற பட்டை சொல்லிவிட்டா அறுந்துபோகும். பிடிச்சுக்கோ தாயே, பிடிச்சுக்கோ. கொஞ்ச நாளாகவே அவள் வேண்டுதல் இந்த ஒரே வார்த்தைக்குச் சுருங்கிவிட்டது. முன்பெல்லாம் கோனியம்மன் சன்னிதியில் போய் நின்றால் கேட்பதற்கு ஒரு மூட்டை இருக்கும், மகள் இந்துவுக்கு நல்ல இடம், வீட்டுக்காரருக்கு மில்லில் நிலுவை போனஸ், வீட்டுக்கு மேல்தளம். அம்மனும் முகம் சுளிக்காமல் ஒவ்வொன்றாகக் கொடுத்து முடித்து, இப்போது கேட்க ஒன்றே ஒன்றுதான் மிச்சம். பிடிச்சுக்கோ. மடியில் இருந்த ஜவுளிக்கடைக் கட்டைப்பையை அவள் இன்னும் இறுக்கிக்கொண்டாள். உள்ளே மூன்று லட்சம், ஒரு துண்டில் சுற்றி, துண்டுக்கு மேலே இரண்டு ஆரஞ்சு வைத்து.

சத்தம் அடங்கியபோது காதுக்குள் அதே சத்தம் கொஞ்ச நேரம் தனியாக ஓடியது. ஜோயல் கம்ப்யூட்டரைப் பார்த்து, "நூத்தி இருபத்தெட்டு" என்றார். கிருபா கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்தான். "என்ன ஜோ, வெளையாடறியா? நூத்தி அறுபது எங்கடா?" "வந்தாத்தானே சொல்றதுக்கு? மிசினு என்ன உங்க மாமனா, பொய் சொல்றதுக்கு?" அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. நூற்று இருபத்தெட்டு குதிரை. இந்த உருளைகளில் ஓடவிட்டு வண்டியின் பலத்தைக் குதிரைக் கணக்கில் அளப்பார்கள் என்று கிருபா சொல்லிக்கொடுத்திருந்தான். அந்தக் குட்டி மூக்குக்குள் நூற்று இருபத்தெட்டு குதிரை நிற்கிறதே, அது பத்தாதா, போத்தனூரில் வீட்டு வாசலில் ஓர் எருமையைக் கட்டினாலே எதிர்வீட்டுக்காரி கார்ப்பரேஷனுக்குப் போன் போடுகிறாள். ஆனால் இன்றைக்கு எல்லாமே அந்த நூற்று அறுபதில்தான் தொங்குகிறது. காலையில் காப்பி குடிக்கும்போது அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னான். "நூத்தி அறுபது வந்துட்டாப் போதும்மா. ஜோவுக்கு அவன் கூலியக் குடுத்துட்டு வந்தரலாம். உம்பணத்துல கையே வெக்க மாட்டேன், அதோட விட்டர்றேன், சத்தியமா. வரலைன்னாத்தான் பெரிய டர்போ." சத்தியம் என்ற வார்த்தையை அவன் சின்ன வயதிலிருந்தே லேசில் எடுக்க மாட்டான். அவன் அப்பாவைக் கேட்டதற்கு, "உம்பையன், உம்பணம், என்னைய எதுக்குக் கேக்கறே" என்று பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார். அவள் பணம்தான். வருசக்கணக்காக இட்லி மாவு ஆட்டிப் பாக்கெட் போட்டு, தெருத் தெருவாகக் கடைகளுக்குக் கொடுத்து, தபாலாபீசில் போட்டு, இப்போது முதிர்ந்த பணம். போன கோடையில் மாவு புளித்துப் புளித்துத் திரும்பி வந்ததே, அதுகூட இதில் இருக்கிறது.

பணத்தைவிட அந்தக் கணக்குத்தான் அவளைக் கலக்கியது. டர்போ என்று ஒன்று வாங்கிவிட்டு அதோடு வீட்டுக்குப் போக முடியாதாம். பெரிய டர்போ போட்டால் இருக்கிற கிளட்ச் வழுக்குமாம், அதை மாற்ற வேண்டும். கிளட்ச் மாற்றினால் பெட்ரோல் அள்ளி ஊற்றுகிற ஊசிகள் பத்தாது, அதை மாற்ற வேண்டும். அதை மாற்றினால் சூடு ஏறும், சூட்டுக்கு முன்னால் ஒரு பெரிய ரேடியேட்டர். சமையலறைக்குத் தரை ஓடு மாற்றுகிறேன் என்று ஆரம்பித்த கதைதான். ஓடு பதித்ததும் தரை உயர்ந்து கதவு திறக்கவில்லை, கதவைச் சீவியதும் நிலை ஆடியது, நிலையைக் கழற்றியதும் சுவர் பெயர்ந்து, கடைசியில் பெயிண்ட் வரைக்கும் போய் நின்றது, கூடத்தைப் பார்த்தால் இந்தச் சமையலறைக்குப் பொருந்தவே இல்லை. அப்படித்தான் கிருபாவும் போனை வைத்துக்கொண்டு தினமும் கூட்டிக் கழிக்கிறான். பாத்ரூமுக்குப் போகும்போதும் கூட்டுகிறான். பம்பு கம்பெனியில் டிசைன் பிரிவில் வேலை, நாளெல்லாம் கணக்குப் போட்டுவிட்டு வருகிற பிள்ளை, வீட்டிலும் கணக்கு. ஒருநாள் தோசை ஊற்றிக்கொண்டே கேட்டாள், "அதுல பிரேக்கு எங்க கண்ணு?" "பிரேக்கு அடுத்த வருசம்மா. இப்பப் பட்ஜெட்டுல எடமில்ல." தோசை தீய்ந்துவிட்டது. ஓடுவதற்கு இந்த வருசம், நிற்பதற்கு அடுத்த வருசம். அவள் வாயைத் திறந்து, "பெட்ரோல் நெறையாக் குடிக்குமா?" என்றுதான் கேட்டாள். கேட்க வந்தது அதுவா? இல்லை. கேட்க வந்தது நாக்குக்குக் கீழே எங்கேயோ போய் ஒளிந்துகொண்டது. பைபாஸில் ஒருநாள் அவளை உட்காரவைத்து ஓர் இழுப்பு இழுத்தானே, முதுகு சீட்டோடு ஒட்டி, குடல் பின்னால் தங்கிவிட்ட மாதிரி, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அன்றைக்கும் இறங்கியதும், "ஏசி நல்லாருக்குது சாமி" என்றாள்.

"காத்து பத்தலீங்கம்மா." திடுக்கிட்டு நிமிர்ந்தாள். ஜோயல் கையைத் துடைத்தபடி அவள் பக்கத்தில் வந்து நின்றிருந்தார். நல்ல பிள்ளை, முப்பத்தைந்து வயதிருக்கும், வந்ததும் அவளுக்குத்தான் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். "இஞ்சின்னா ஒண்ணுமில்லீங்கம்மா, மூச்சு வாங்கற சாமான்தான். எவ்வளவு காத்த உள்ள இழுக்குதோ அவ்வளவு பெட்ரோல எரிக்கும், அவ்வளவு பலம். இது இழுக்க மாட்டேங்குது. மூச்சுத் திணறுது. காத்த அடிச்சு உள்ள தள்ளற டர்போ தளந்துருச்சு போல." "பில்டர் எதுனா அடச்சிருக்குமா ஜோ?" என்று வண்டிக்குள்ளிருந்து கிருபா கேட்டான். "அட, போன சனிக்கெழம நானே கழட்டித் தட்டி மாட்டுனேன்டா. கண்ணாடி மாதிரி இருந்துச்சு. அதெல்லாம் இல்ல." பிறகு அவளுக்கு விளங்கட்டும் என்று, "இந்தா இந்தக் கறுப்புப் பெட்டி இருக்குதுங்களே, இதுலதான் காத்து நொழையும். உள்ள மடிச்சு மடிச்சு ஒரு காயிதம் இருக்கும், தூசிய வடிகட்டும்" என்று திறந்திருந்த முகப்புக்குள் விரலை நீட்டிக் காட்டினார். அவள் விரல் போன இடத்தைப் பார்த்தாள். அந்தப் பெட்டி. நாலு பக்கமும் கிளிப் போட்ட அந்தப் பெட்டி. டிபன் கேரியர் மாதிரி டக்கு டக்கென்று திறந்ததே, அந்தப் பெட்டி.

போன ஞாயிற்றுக்கிழமை, வீட்டு வாசலில். முகப்பைத் திறந்துபோட்டுவிட்டு யாரோ கூப்பிட்டார்கள் என்று போனைக் காதில் வைத்துக்கொண்டு கிருபா மாடிக்குப் போனான். அவள் முந்தானையில் அந்த முடிச்சு ஒரு வாரமாகவே காத்துக்கொண்டிருந்தது. அம்மன் கோயில் குங்குமம், ஒரு கைப்பிடி வேப்பிலை, அபிஷேகத்தில் வைத்த எலுமிச்சம்பழம், எல்லாம் மஞ்சளில் நனைத்த துணியில் கட்டி, துணி கொஞ்சம் பெரியதாகத்தான் போய்விட்டது, நுனியை நீளமாக விட்டால்தான் அவளுக்குக் கட்டிய மாதிரி இருக்கும். அதை வண்டியில் எங்கே வைப்பது? கண்ணாடியில் தொங்கவிட்ட கயிற்றைப் பார்வையை மறைக்கிறது என்று கழற்றிவிட்டான். முன்னால் ஒட்டியிருந்த பிள்ளையாரைப் பெயர்த்துப் பூஜையறையில் கொண்டுவந்து வைத்தான், வெயிட்டு குறைக்கணும்மா என்றான்; உள்ளங்கையளவு பிள்ளையார், அவர் என்ன வெயிட்டு? பின்சீட்டையே கழற்றி மொட்டைமாடியில் போட்டுவிட்டான், அவள் உட்கார்ந்து வந்த சீட்டு, இப்போது அதன்மேல் வடகம் காய்கிறது. ஆக வண்டிக்குள் அம்மனுக்கு இடமில்லை. முகப்புக்குள் பார்த்தால் எல்லாமே சூடும் எண்ணெயுமாக இருந்தது, இந்த ஒரு பெட்டியைத் தவிர. திறந்து பார்த்தாள், விசிறி மடிப்பாகக் காகிதம், அதைத் தூக்கினால் கீழே சுத்தமாக வெறும் இடம், பூஜைப் பெட்டி மாதிரி. காலியிடத்தைப் பார்த்தால் எதையாவது வைக்காமல் இருக்க அவளால் முடியாது. இங்க இருந்துக்கோ தாயே, இவனைப் பிடிச்சுக்கோ என்று வைத்து, கன்னத்தில் போட்டுக்கொண்டு, கிளிப்பை மாட்டினாள். அவன் இறங்கி வந்தபோது வாசலில் கோலப்பொடி கொட்டியிருந்ததைக் கூட்டிக்கொண்டிருந்தாள், முகத்தில் ஒன்றுமே இல்லை.

இன்னொரு தடவை ஓட்டிப் பார்க்கலாம் என்றார்கள். விசிறி கிளம்பியது. அவள் எழப் போனாள், எழவில்லை. சொல்லிவிடலாமா. சொன்னால் அந்த நூற்று அறுபது வந்துவிடும், பணம் பையோடு வீட்டுக்கு வந்துவிடும். வராமல் போனால்? சொல்லியும் வராமல் போனால் முடிச்சும் போச்சு, பணமும் போச்சு. சொல்லாவிட்டால்? டர்போ வெளிநாட்டிலிருந்து கப்பலில் வர இரண்டு மாசமாவது ஆகும் என்று கிருபாவே சொல்லியிருக்கிறான். அந்த இரண்டு மாசமும் வண்டி இப்படியே திணறிக்கொண்டு மெதுவாகத்தானே போகும்? மூன்று லட்சம் கொடுத்தால் இரண்டு மாசம் நிம்மதியாகத் தூங்கலாம். அவளும் இப்போது கூட்டிக் கழிக்கிறாள், பார், இவன் கணக்கு தொத்துநோய் மாதிரி. இரண்டு மாசத்துக்குள் ஒரு பெண் அமைந்து, கல்யாணம் என்று ஆகி, வருகிறவள் ஒரு வார்த்தை சொல்லி... ஆனால் டர்போ வந்ததும்? பெரிய டர்போ பெரிய மூச்சாக இழுக்குமாமே. துணியை இழுத்து, குங்குமத்தை இழுத்து, அம்மனையே இஞ்சினுக்குள் இழுத்துக்கொண்டால்? ஐயோ. அதைவிடப் பெரிய சங்கடம் ஒன்று அதற்கும் அடியில் கிடந்தது. அவள் என்ன கேட்டாள்? பிடிச்சுக்கோ என்று கேட்டாள். அம்மன் என்ன செய்திருக்கிறாள்? பிடித்துக்கொண்டிருக்கிறாள். வண்டியின் குரல்வளையையே போய்ப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். கேட்டதைக் கேட்டபடி கொடுத்திருக்கும்போது, தன் கையாலேயே, விட்டுவிடு தாயே என்று எடுத்து வெளியே வைப்பதா? அப்புறம் எந்த முகத்தோடு வெள்ளிக்கிழமை போய் நிற்பது? அதுபோக இவர்கள் சிரிப்பார்கள். கிருபா சிரிக்க மாட்டான், அதுதான் கஷ்டம், பேசாமல் ஒரு பார்வை பார்ப்பான். பேசாமல் இரு சாந்தாமணி. கைகால் நீட்டி உட்காரு. ஆரஞ்சை உரி.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. முதல் தடவையும் இருந்திருக்கும், பெரிய சத்தத்துக்குள் மறைந்திருந்தது, இப்போது எங்கே காதை வைக்க வேண்டும் என்று தெரிந்துவிட்டதால் அது மட்டும் தனியாகப் பிரிந்து வந்தது. கறுப்புப் பெட்டிக்குள்ளிருந்து ஒரு இழுப்பு. உய்ங்ங் என்று, மெல்லிய, காய்ந்த இழுப்பு. அவளுக்குத் தெரிந்த சத்தம். மார்கழி பிறந்தால் அந்தச் சின்ன நெஞ்சுக்குள்ளிருந்து வரும் சத்தம். ஆறு வயதுக் கிருபா தலையணையில் சாய்ந்து உட்கார்ந்து, தோள் இரண்டும் காதைத் தொட, காற்றை எட்டி எட்டி இழுப்பான். விலா எலும்புக்கு நடுவில் தோல் குழிந்து குழிந்து எழும். பேச வராது, கண்ணால் மட்டும் பார்ப்பான், எங்கேம்மா காத்து என்று. ஆட்டோவில் மடியில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடும்போது அவன் இழுக்கிற ஒவ்வொரு மூச்சையும் சேர்த்து அவளும் இழுப்பாள், ஏதோ அவள் இழுத்தால் அவனுக்குப் போய்ச் சேரும் என்கிற மாதிரி. ஸ்கூலில் ஓட்டப் பந்தயத்தன்று மற்ற பிள்ளைகள் எல்லாம் ஓட, இவன் டீச்சர் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து எல்லார் தண்ணீர் பாட்டிலையும் மடியில் வைத்துக்கொண்டிருந்தான். அவள் கேட்டுக்கு வெளியே நின்று பார்த்தாள். அவன் அழவில்லை. ஓடுகிறவர்கள் திரும்பி வரும்வரை அவர்களுடைய காலையே பார்த்துக்கொண்டிருந்தான். பத்தாவதில் அந்த வியாதி எப்படி வந்ததோ அப்படியே போய்விட்டது, அதற்கும் அம்மனுக்குத் தீச்சட்டி எடுத்தாள். இப்போது உய்ங்ங். உய்ங்ங். உன் கையாலேயே அடைத்து வைத்திருக்கிறாயே பாவி. அவள் மார்பு தானாக அந்த இழுப்போடு சேர்ந்து இழுத்தது, காற்று வரவில்லை, நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது, ஆரஞ்சு உருண்டது. "நிறுத்து! கண்ணு, நிறுத்து! மூச்சு விடட்டும், அத நிறுத்து!"

இருவரும் அவளுக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று ஓடிவந்தார்கள். கிருபா அவள் தோளைப் பிடித்தான். "என்னம்மா, நெஞ்சு வலிக்குதா? ஜோ, தண்ணி எடு." "எனக்கு ஒண்ணுமில்ல. அந்தப் பெட்டியத் தொற." "எந்தப் பெட்டிம்மா?" "காத்துப் பெட்டி. தொற சாமி, கேக்காத." ஜோயல்தான் திறந்தார். நாலு கிளிப்பும் டக்கு டக்கென்று விழுந்தன. காகித மடிப்பைத் தூக்கியதும் அதன் அடியிலேயே ஒட்டிக்கொண்டு மஞ்சள் துணி வந்தது, ஈரத் துணியைச் சுவரில் அறைந்த மாதிரி விரிந்து, எலுமிச்சை நசுங்கி, வேப்பிலை பொடிப்பொடியாகி, காகிதம் முழுக்கக் குங்குமச் சிவப்பு. ஜோயல் முதலில் தன் நெற்றியில்தான் அடித்துக்கொண்டார். "கர்த்தாவே. மொதல்ல இதத்தான் நான் தொறந்து பாத்திருக்கணும். டர்போவ விக்கப் பாத்தனேடா!" பிறகு அடக்க முடியாமல் சிரித்தார், "அம்மா, இத்தன வருசத்துல எலி கூடு கட்டிப் பாத்திருக்கறேன், அணில் கொட்டை வெச்சுப் பாத்திருக்கறேன், கோனியம்மன் குடியிருந்து இப்பத்தானுங்க பாக்கறேன்." கிருபா சிரிக்கவில்லை. அவள் பயந்த அந்தப் பார்வையையும் பார்க்கவில்லை. துணியை மெதுவாகப் பிரித்தெடுத்து, உதிர்ந்த வேப்பிலையையும் விரலால் கூட்டி அதிலேயே போட்டு, மடித்து அவள் கையில் கொடுத்தான். "எப்பம்மா வெச்சே?" "நீ போன் பேசப் போனப்ப." "செரி" என்றான். அந்தச் செரிக்கு என்ன அர்த்தம் என்று அவளுக்குப் பிடிபடவில்லை.

புதுக் காகிதம் போட்டார்கள். மூன்றாம் தடவை வண்டி எழும்பியபோது அது வேறு பிராணி. உறுமல் தரை வழியாக ஏறி அவள் முழங்காலுக்கு வந்தது, தகரக் கூரை அதிர்ந்தது, பட்டைகள் முறுகின. இழுப்புச் சத்தம் இல்லை. நல்ல நெஞ்சு. நல்ல, திறந்த நெஞ்சு. அவளுக்கு ஒரு நொடி சந்தோஷமாகக்கூட இருந்தது, அந்தச் சந்தோஷத்தைப் பார்த்து அவளே மிரண்டாள். "நூத்தி எழுவத்தொண்ணு!" என்று ஜோயல் கத்தினார். கிருபா இறங்கி வந்து கம்ப்யூட்டரில் மூக்கு படுகிற மாதிரி குனிந்து பார்த்தான். அறுபது கேட்டதற்கு எழுபத்தொன்று. முடிந்தது. பணம் பிழைத்தது. அவள் பையைத் தூக்கித் தோளில் மாட்டினாள், வீட்டுக்குப் போய் வடகத்தை எடுத்துவைக்க வேண்டும், வெயில் இறங்குகிறது. "ஜோ" என்றான் கிருபா, குரல் மெல்ல, கோயிலில் பேசுகிற மாதிரி. "சின்ன டர்போவுலயே இவ்வளவு குடுக்குதுன்னா, இஞ்சின் எவ்வளவு ஆரோக்கியமா இருக்குது பாத்தியா? இதுல பெருசு போட்டா?" ஜோயல் ஓரக்கண்ணால் அவளைப் பார்த்தார். "போட்டா வரும்தான். எரநூத்தி நாப்பது சாதாரணமா." "அதான். பலமில்லாத இஞ்சினுக்குப் போடறதுக்குத்தான் யோசிக்கணும். இதுக்குத் தாராளமாப் போடலாம்." திரும்பி அவளைப் பார்த்துச் சிரித்தான், எதையோ ஜெயித்துவிட்டு வருகிற பிள்ளையின் சிரிப்பு. "அம்மா, நீ வெச்சதுகூட நல்லதுக்குத்தான் பாரு."

காலையில் சொன்னதை அவன் மறைக்கவில்லை, மறுக்கவில்லை, மறந்தேபோயிருந்தான். அவன் முகத்தில் கள்ளமே இல்லை. நூற்று இருபத்தெட்டு வந்தால் பத்தவில்லை, அதனால் டர்போ. நூற்று எழுபத்தொன்று வந்தால் நன்றாக இருக்கிறது, அதனால் டர்போ. எந்த நம்பர் வந்திருந்தால் வேண்டாம் என்றிருப்பான்? அவள் யோசித்துப் பார்த்தாள், அப்படி ஒரு நம்பர் எங்கேயும் இல்லை. சரி, அவள் மட்டும் என்னவாம். வண்டி திணறியபோது அம்மன் பிடித்துக்கொண்டாள் என்றாள். பறந்திருந்தால் அம்மன் காப்பாற்றினாள் என்றிருப்பாள். எது நடந்தாலும் அவளுக்கு அம்மன், எது வந்தாலும் அவனுக்கு டர்போ. எங்கிருந்து வந்தது இவனுக்கு இந்தக் குணம் என்று இத்தனை நாள் அவன் அப்பாவின் வம்சத்தில் தேடிக்கொண்டிருந்தாளே. சிரிப்பு மாதிரி ஏதோ வந்தது. கையில் ஈர முடிச்சு. அதற்குள் அவள் எதை வைத்துக் கட்டினாள்? குங்குமத்தையும் வேப்பிலையையுமா? தோசைக் கல்லுக்கு முன்னால் சொல்லாமல் விட்டதை, பைபாஸில் இறங்கி ஏசி நல்லாருக்குது என்று மாற்றிச் சொன்னதை, அதையெல்லாம்தான் மஞ்சள் துணியில் சுற்றிக் கிளிப் போட்டு மூடினாள். அவனிடம் சொல்ல வேண்டியதை அம்மனிடம் சொல்லி, அம்மன் போய் அவனிடம் சொல்வாள் என்று. பாவம், அம்மனும் எத்தனை வீட்டு வேலையைத்தான் பார்ப்பாள்.

"இந்தப் பணத்தத் தர மாட்டேன் கண்ணு" என்றாள். அவள் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. கிருபாவின் சிரிப்பு பாதியில் நின்றது. "ஏம்மா? நாந் திருப்பித் தந்தர்றேன்னு..." "திருப்பறதப் பத்தி இல்ல." "வேற வேலைக்கு வேணுமா? இந்து கேட்டாளா?" "யாரும் கேக்கல. எனக்குப் பயமா இருக்குது." சொல்லிவிட்டாள். இத்தனூண்டுதான். ஜோயல் ஏதோ ஸ்பேனரைத் தேடுகிற மாதிரி உள்ளே போய்விட்டார். "நீ கெளம்பிப் போனா, திரும்பி வந்து வாசக் கேட்டத் தொறக்கற சத்தம் கேக்கற வரைக்கும் எனக்குக் கையி காலு என்னுது இல்ல. சோறு வடிக்கறேன், மாவு ஆட்டறேன், எல்லாம் யாரோ செய்யற மாதிரி இருக்குது. அவ்வளவுதான். வேற ஒண்ணுமில்ல." அவன் வண்டியைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். "இத நீ ஒருக்காகூடச் சொன்னதில்லயேம்மா." "சொல்லியிருந்தா விட்டிருப்பியா?" பொய் சொல்லத் தெரியாத பிள்ளை. "தெரியலம்மா" என்றான். "நான் லோன் போட்டு வாங்குனாலும் வாங்குவேன்." "வாங்கு. உஞ்சம்பளம். எம் மாவுப் பணத்துல வேண்டாம்." இதற்கு மேல் நின்றால் அழுதுவிடுவோம் என்று அவளுக்குப் பட்டது, போய் உருண்ட ஆரஞ்சைத் தேடி எடுத்தாள்.

திரும்பி வரும்போது அவினாசி ரோட்டில் சாயங்கால நெரிசல். அந்தப் பந்தய சீட் அவளை ஒரு கூடைக்குள் உட்காரவைத்த மாதிரி இறுக்கியது, முழங்கால் மார்புக்கு நேராக. பெல்ட்டை அவள் தேடிக்கொண்டிருக்க, கிருபா குறுக்கே கையை நீட்டி இழுத்து மாட்டிவிட்டான். நூற்று எழுபத்தொரு குதிரையும் முன்னால் முனகிக்கொண்டு, ஒரு ஷேர் ஆட்டோவுக்குப் பின்னால் மெதுவாக வந்தன. இது கோபமா, கேலியா, காது கொடுத்துக் கேட்டுக்கொண்டானா, நாளைக்கே லோன் ஆபீசுக்குப் போய் நிற்பானா, சாந்தாமணி அவன் முகத்தை ஓரமாகப் பார்த்தாள், ஒன்றும் எழுதியிருக்கவில்லை. பிடிச்சுக்கோ என்று வாய் பழக்கத்தில் ஆரம்பித்தது, யாரிடம் சொல்கிறோம் என்று சந்தேகம் வந்து பாதியில் விட்டது. "இப்பவும் பயமா இருக்குதாம்மா?" என்று ரோட்டைப் பார்த்தபடியே கேட்டான். இல்லை கண்ணு என்று சொல்லியிருப்பாள், நேற்றாக இருந்தால். "இருக்குது." "இவ்வளவு மெதுவாப் போறப்பவும்?" "ஆமா." அவன் தலையை ஆட்டினான், ஏதோ ஒரு நம்பரைக் கேட்டுக் குறித்துக்கொண்ட மாதிரி. பின்னால் ஒரு லாரி முட்டுகிற மாதிரி ஒட்டி வந்தது, அதன் டிரைவர் ஹாரனை அழுத்தினான், விடாமல், காது கிழிய. முன்னால் ஆட்டோ திரும்பிவிட்டது, ரோடு நீளமாகக் காலியாகக் கிடந்தது. கிருபாவின் வலது பாதம் மிதிமேல் ஒருமுறை துடித்ததை அவள் பார்த்தாள். மூச்சைப் பிடித்துக்கொண்டாள். அவன் கண்ணாடியைப் பார்த்தான், இண்டிகேட்டரைப் போட்டான், இடதுபுறம் ஒதுங்கி லாரிக்கு வழி விட்டான்.